பி.எம்.எஸ். பலகை சார்ஜர் ஆகாது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த இரண்டு 18650 செல்களை (உருளை வடிவ லித்தியம் அயனி செல்கள்) தொடராக இணைத்து, ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் செய்திருக்கிறீர்கள். செல்களுக்கு ஒரு பி.எம்.எஸ். பலகை, அதாவது வோல்ட் அளவு மீறினால் பேட்டரியைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பலகை, போட்டிருக்கிறீர்கள். வீட்டில் கிடந்த 9 வோல்ட் அடாப்டரை அந்தப் பலகையில் நேராகக் கொடுத்தால் சார்ஜ் ஆகிறது, செல்கள் கொஞ்சம் சூடாகின்றன. பி.எம்.எஸ். இருப்பதால் இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாமா, பாட்டு ஓடும்போதே சார்ஜ் போடலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போதைய அமைப்பில் இரண்டுமே வேண்டாம். அந்த அடாப்டரை இன்றே கழற்றிவிடுங்கள். உங்கள் வேலை வீண் என்று நான் சொல்லவில்லை. ஸ்பீக்கரை அப்படியே வைத்துக்கொண்டு, சார்ஜ் ஏற்றும் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் ஏன் மாற்ற வேண்டும் என்பது புரிந்தால்தான் அடுத்து நீங்கள் செய்யும் கருவியிலும் இதே தவறு வராது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சாதாரண லித்தியம் அயனி செல்லின் மேல் 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அது நடுமட்ட அளவு. முழுதாக நிரம்பிய செல் 4.20 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்கு இறங்கினால் கிட்டத்தட்ட காலி. இதற்கான சார்ஜர் இரண்டு கட்டமாக வேலை செய்யும். முதல் கட்டத்தில் மின்னோட்டத்தை ஒரே அளவில் பிடித்து வைத்திருக்கும். செல்லின் வோல்ட் மெல்ல ஏறும். 4.20-ஐத் தொட்டதும் இரண்டாவது கட்டம். இப்போது வோல்ட்டை அங்கேயே நிறுத்திவிடும், மின்னோட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். ஆரம்ப அளவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்ததும் சார்ஜர் முழுவதுமாக நிறுத்திக்கொள்ளும். ஈய அமில பேட்டரியில் செய்வதுபோல நிரம்பிய பிறகும் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருப்பது இந்தச் செல்களுக்கு ஆகாது.

4.20 என்பதில் விளையாட்டுக்கே இடமில்லை. நல்ல சார்ஜர்கள் அதற்கு மேலோ கீழோ 0.05 வோல்ட்டுக்குள் நிற்கும். அதைத் தாண்டினால், கிராஃபைட் மின்முனைக்குள் போய் உட்கார வேண்டிய லித்தியம் இடமில்லாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியத் தொடங்கும். எதிர்ப்பக்க மின்முனையும் நிலைகுலையும், உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு வரும். அளவுக்கு மீறிய மின்னோட்டத்தில் ஏற்றினாலும் லித்தியம் இதே மாதிரி படியும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் செல்லில் ஏற்றினாலும் அப்படித்தான். பெரும்பாலும் அன்றைக்கே எதுவும் வெடிக்காது. நன்றாகத்தானே ஓடுகிறது என்று நாமும் இருந்துவிடுவோம். சேதம் மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே போகும்.

இப்போது உங்கள் 9 வோல்ட் அடாப்டருக்கு வருவோம். இரண்டு செல் தொடர் என்றால் நிரம்பிய அளவு 8.4 வோல்ட். பாதி காலியான பேட்டரி 7 வோல்ட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டருக்கும் அதற்கும் 2 வோல்ட் வித்தியாசம். செல்கள், கம்பி, பலகை எல்லாம் சேர்ந்து தடை 0.2 ஓம் என்று எடுத்துக்கொண்டால், கணக்குப்படி 10 ஆம்பியர் பாய வேண்டும். அடாப்டரால் அவ்வளவு கொடுக்க முடியாது. அதனால் அது தன் உச்ச அளவில் திணறிக்கொண்டிருக்கும், அல்லது அணைந்து அணைந்து எரியும். எவ்வளவு மின்னோட்டம் போக வேண்டும் என்று முடிவு செய்ய அங்கே யாருமே இல்லை. செல் சூடாவதற்கு முதல் காரணமாக நான் சந்தேகப்படுவது இதைத்தான்.

பி.எம்.எஸ். நிறுத்திவிடுமே என்பீர்கள். நிறுத்தும், ஆனால் 4.20-இல் நிறுத்தாது. இந்தப் பாதுகாப்புப் பலகைகள் பெரும்பாலும் ஒரு செல் 4.25-க்கும் 4.30-க்கும் இடையில் போன பிறகுதான் துண்டிக்கும். துண்டித்ததும் செல்லின் வோல்ட் கொஞ்சம் இறங்கும், ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் வேகமாக இறங்கும். குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும் பலகை மறுபடி இணைக்கும், மறுபடி 4.28-க்கு ஏறும். இரவு முழுக்க இப்படியே நடக்கலாம். மேல்தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீரை வெளியேற்ற ஒரு குழாய் வைத்திருப்போம் இல்லையா? அது இருக்கிறது என்பதற்காக மோட்டாரை அணைக்காமல் விடமாட்டோம். பி.எம்.எஸ். அந்தக் குழாய். மோட்டாரை அணைக்கும் வேலை சார்ஜருடையது.

பாதுகாப்பைப் பற்றி யோசிக்கும்போது நான் எப்போதும் கேட்டுக்கொள்ளும் கேள்வி: எத்தனை பாகங்கள் ஒரே நேரத்தில் பழுதானால் செல் அளவு மீறும்? சரியான சார்ஜரும் பி.எம்.எஸ்.ஸும் இருந்தால் இரண்டும் தனித்தனியாகக் கெட வேண்டும். உங்கள் அமைப்பில் பலகையில் சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் ஒன்று ஷார்ட் ஆனால் போதும், 9 வோல்ட் அப்படியே பேட்டரிக்குப் போய்விடும், அதாவது ஒவ்வொரு செல்லுக்கும் 4.5.

தொடர் இணைப்பில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சார்ஜருக்குத் தெரிவது மொத்த வோல்ட் மட்டும்தான். ஒரு செல் 4.10, இன்னொன்று 4.30 என்று இருந்தாலும் கூட்டினால் 8.4 வரும், சார்ஜர் திருப்தியாக நின்றுவிடும். லேப்டாப்பிலிருந்து எடுத்த செல்கள் ஒரே வயதாக இருந்தாலும் ஒரே உடல்நிலையில் இருப்பதில்லை, அதனால் இது அடிக்கடி நடக்கும். இதைச் சரிசெய்யத்தான் சமநிலைப்படுத்தும் சர்க்யூட். அதிகமாக ஏறிய செல்லிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் மின்சாரத்தை வடித்துவிடும். விலை குறைந்த இரண்டு செல் பலகைகள் பலவற்றில் அந்த சர்க்யூட்டே கிடையாது. இருக்கும் பலகைகளிலும் வடிக்கும் அளவு சிறியது, 50 மில்லி ஆம்பியர் போல. இரண்டு செல்களிலும் சேர்ந்திருக்கும் மின்சாரத்தில் 500 மில்லி ஆம்பியர் மணி வித்தியாசம் இருந்தால் அதைச் சரிசெய்ய 10 மணி நேரம் ஆகும். ஆகவே முதலிலேயே இரண்டு செல்களையும் தனித்தனியாக 4.20 வரை ஏற்றி, சமமாக்கிவிட்டுத்தான் தொடரில் இணைக்க வேண்டும். பலகை பிறகு வரும் சின்னச் சின்ன வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளும்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வழி இருக்கிறது.

தொடர் இணைப்பையே வைத்துக்கொள்ள விரும்பினால், 8.4 வோல்ட் லித்தியம் அயனி சார்ஜர் ஒன்றும், சமநிலை வசதியுள்ள பி.எம்.எஸ். ஒன்றும் தேவை. இங்கே ஒரு எச்சரிக்கை. 8.4 வோல்ட் என்று ஒட்டப்பட்ட எல்லாமே சார்ஜர் அல்ல. சில வெறும் அடாப்டர்கள்தான். கண்டுபிடிப்பது எளிது. பாதி காலியான பேட்டரியோடு மல்டிமீட்டரை ஆம்பியர் அளவையில் தொடராக வைத்துப் பாருங்கள். நிஜ சார்ஜர் என்றால் அதன்மேல் எழுதிய மின்னோட்டத்தை அசையாமல் கொடுக்கும், கடைசியில் மெல்லக் குறைத்து, பூஜ்ஜியத்துக்கு நிறுத்தும். மின்னோட்டம் எழுதியதைவிட ஏறினாலோ, முடிவில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருந்தாலோ அது சார்ஜர் இல்லை. யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டை உயர்த்தி இரண்டு செல் தொடருக்கு ஏற்றும் பலகைகளும் உண்டு, அவையும் நல்ல தேர்வுதான்.

இரண்டாவது வழி, முதன்முறை செய்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: செல்களை இணையாகப் போட்டு 3.7 வோல்ட் பேட்டரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்குத் தேவையான வோல்ட்டை உயர்த்தித் தர ஒரு பூஸ்ட் பலகை போடுங்கள். இணையில் இருக்கும் செல்கள் தாமே சமமாகிவிடும், மேலே சொன்ன கவலை முழுக்கப் போய்விடும். இணைக்கும் நொடியில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு செல் 4.2, இன்னொன்று 3.6 என்றால், அந்த 0.6 வோல்ட் வித்தியாசம் 0.1 ஓம் தடையில் 6 ஆம்பியரைப் பாய்ச்சும். இரண்டும் 0.05 வோல்ட்டுக்குள் இருக்கும்போது மட்டும் இணையுங்கள்.

இப்படிப்பட்ட 3.7 வோல்ட் பேட்டரிக்கு எல்லோரும் பயன்படுத்துவது டிபி4056 சிப் உள்ள சின்னப் பலகை. நல்ல சிப். இரண்டு கட்டமாக ஏற்றும், 4.20-இல் நிற்கும், தாழ்ந்துபோன செல்லுக்கு முதலில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் மட்டும் கொடுக்கும். கூடவே பாதுகாப்பு சர்க்யூட் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரிக்கு இரண்டு முனையும் வெளியீட்டுக்கு வேறு இரண்டு முனையும் இருந்தால் அந்த வகை. ஆனால் இந்தப் பலகையில் மூன்று விஷயங்களைப் பலர் கவனிப்பதில்லை.

முதலாவது மின்னோட்டம். பலகை வரும்போது அதில் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும், அதனால் 1 ஆம்பியர் ஏற்றும். 2500 மில்லி ஆம்பியர் மணி கொண்ட 18650 செல்லுக்கு அது சரி. கைக்கடிகாரம் போன்ற கருவிக்கு 300 மில்லி ஆம்பியர் மணி பை செல் (பை போன்ற உறையில் வரும் தட்டையான செல்) போட்டு அதே பலகையை மாட்டுகிறார்கள். செல்லின் கொள்ளளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் மின்னோட்டம்! பொதுவாகக் கொள்ளளவில் பாதி அளவுக்கு வைத்துக்கொண்டால் செல்லும் நீண்ட நாள் வரும், சூடும் இருக்காது. 1200-ஐ அந்த ரெசிஸ்டரின் ஓம் மதிப்பால் வகுத்தால் வருவதுதான் ஆம்பியர். 2 கிலோ ஓம் போட்டால் சுமார் 600 மில்லி ஆம்பியர், 10 கிலோ ஓம் போட்டால் சுமார் 120. அந்த 300 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்கு 10 கிலோ ஓம் சரியாகப் பொருந்தும். சின்ன ரெசிஸ்டரை எடுத்து மாற்றுவது கொஞ்சம் கண்ணுக்கு வேலைதான், ஆனாலும் தவிர்க்காதீர்கள்.

இரண்டாவது வெப்பம். இந்தச் சிப் மிச்ச வோல்ட்டை வெப்பமாகத்தான் கழிக்கும். 5 வோல்ட் உள்ளே வந்து, செல் 3.2-இல் இருந்து, 1 ஆம்பியர் போனால் 1.8 வாட். கட்டைவிரல் அளவு பலகைக்கு அது பெரிய சூடு. சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைக்கும், ஆனால் மூடிய பெட்டிக்குள் பக்கத்தில் ஒட்டியிருக்கும் செல்லை அது காப்பாற்றாது. பலகைக்கும் செல்லுக்கும் இடைவெளி விடுங்கள், பெட்டியில் காற்றுத் துளை வையுங்கள். செல்லின் வெப்பத்தை அளக்க ஒரு தெர்மிஸ்டர் இணைக்கும் கால் சிப்பில் இருக்கிறது. இந்த மலிவான பலகைகளில் அதைத் தரையோடு (கிரவுண்ட் முனையோடு) இணைத்து முடக்கிவைத்திருப்பார்கள். அதாவது செல் 60 டிகிரியில் இருந்தாலும் பனியில் உறைந்திருந்தாலும் பலகைக்குத் தெரியாது. வெளியில் வைக்கும் கருவி என்றால் தெர்மிஸ்டர் இணைக்க முடிகிற பலகையைத் தேடுங்கள். சார்ஜ் ஏற்றுவதற்கான வரம்பு பொதுவாக 0 முதல் 45 டிகிரி வரை.

மூன்றாவது, உங்கள் இரண்டாவது கேள்வியோடு நேரடியாகச் சேர்ந்தது: ஓடும்போதே சார்ஜ் போடுவது. 1 ஆம்பியருக்கு அமைத்த சிப், மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியருக்குக் குறைந்தால்தான் செல் நிரம்பியது என்று முடிவு செய்யும். ஸ்பீக்கர் 150 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றால், அந்த 150-உம் சிப்பைத்தான் தாண்டிப் போகிறது. செல் நிரம்பி ஒரு மணி நேரம் ஆனாலும் சிப்புக்கு அது தெரியாது. 4.20-ஐப் பிடித்துக்கொண்டே நிற்கும், நிறுத்தாது. செல் உடனே ஆபத்துக்குள்ளாகிவிடாது, ஆனால் சீக்கிரம் கிழடாகும். கருவி வருடக்கணக்கில் செருகியே இருக்கப்போகிறது என்றால் இது முக்கியம்.

இதற்குத் தீர்வு, செருகியிருக்கும்போது கருவி அடாப்டரிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும்படியும், செல்லை சார்ஜர் மட்டுமே தொடும்படியும் பாதையைப் பிரிப்பது. ஒரு ஷாட்கி டையோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவது), ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட், ஒரு ரெசிஸ்டர் போதும். 5 வோல்ட் டையோடு வழியாகக் கருவிக்குப் போகும். பேட்டரியிலிருந்து கருவிக்கு வரும் பாதையில் மாஸ்ஃபெட் உட்காரும், அதை இயக்கி அணைக்கும் கேட் முனை 5 வோல்ட் கம்பியோடு இணைந்திருக்கும். செருகினால் கேட் உயர்ந்து மாஸ்ஃபெட் அணைந்துவிடும். பிடுங்கினால் ரெசிஸ்டர் கேட்டைத் தரைக்கு இழுத்து அதை இயக்கும். இந்த வேலை உள்ளேயே இருக்கும் சிப்புகளும் வருகின்றன, எம்சிபி73871 அப்படிப்பட்டது. இதெல்லாம் இப்போதைக்குக் கஷ்டம் என்றால், சார்ஜ் போடும்போது ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். அதுவே போதும்.

அப்புறம் அந்தப் பழைய செல்கள். இதில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. லேப்டாப் பேட்டரி ஒன்றை உடைத்தபோது கிடைத்த ஒரு செல் 0.9 வோல்ட் காட்டியது. தூக்கிப்போட மனம் வராமல், மிகக் குறைந்த மின்னோட்டத்தில் மெல்ல ஏற்றி 4.20-க்குக் கொண்டுவந்தேன். இரண்டு முறை ஒழுங்காகவே வேலை செய்தது. மூன்றாவது முறை, சார்ஜ் முடிந்து சார்ஜரிலிருந்து கழற்றி மேசையில் வைத்த பிறகு சூடாக ஆரம்பித்தது. எதுவும் இணைக்கப்படவில்லை. வோல்ட் இறங்கிக்கொண்டே இருந்தது, கையால் பிடிக்க முடியவில்லை. திறந்த வெளியில் ஒரு மண்சட்டியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தேன். நல்லவேளை, தானாக ஆறியது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் செல்லுக்கு இரக்கம் காட்டுவதில்லை.

நடந்தது இதுதான். செல் மிகவும் காலியாகி நீண்ட நாள் கிடந்தால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஏற்படுத்தும். வெளியிலிருந்து எந்தப் பலகையாலும் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் துண்டிப்பதற்கு வெளியில் எதுவுமே ஓடவில்லை. எனவே 2 வோல்ட்டுக்குக் கீழே கண்டெடுத்த செல்லை உயிர்ப்பிக்காதீர்கள். அதற்கு மேல் இருப்பதை 4.20 வரை ஏற்றி, கையால் தொட்டுப் பாருங்கள். மிதமான மின்னோட்டத்திலும் தெளிவாகச் சூடாகிற செல் வேண்டாம். பிறகு இரண்டு வாரம் தனியாக வைத்து மறுபடி அளந்து பாருங்கள். நான் வைத்துக்கொண்ட எல்லை 4.10. அதற்குக் கீழே இறங்கிய செல்லை ஒதுக்கிவிடுவேன். புதிதாக வாங்குவதாக இருந்தால், 18650 அளவில் 5000, 9900 என்று அச்சிட்டவற்றைத் தொடவே வேண்டாம். அந்த அளவு உடலுக்குள் நம்பகமாகக் கிடைப்பது 3500 சுற்றித்தான்.

இரும்புப் பாஸ்பேட் வகை லித்தியம் செல்லும் பார்ப்பதற்கு இப்படியே இருக்கும், 3.2 வோல்ட் என்று எழுதியிருக்கும். அது 3.65-இல் நிரம்பிவிடும். அதை டிபி4056-இல் மாட்டக்கூடாது.

கட்டமைப்பில் ஒன்றிரண்டு. 18650 செல்லின் பக்கவாட்டு உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனைத் தொப்பிக்கும் அந்த உடலுக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய வளையமும் நெகிழி உறையும்தான். உறை கிழிந்த செல்லை அப்படியே போடாதீர்கள், புது உறையும் காகித வளையமும் மாட்டுங்கள். செல்லின் மேல் நேரடியாகச் சாலிடர் வைக்காதீர்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்புத் தாளை உருக்கிச் சேதப்படுத்தலாம். நிக்கல் பட்டை வெல்டு செய்து வாங்குங்கள், இல்லையென்றால் ஹோல்டர் பயன்படுத்துங்கள். நேர்முனைக்கு மிக அருகில் ஒரு ஃபியூஸ் போடுங்கள். சின்ன வெள்ளைக் கனெக்டரோடு வரும் பை செல்களில் சிவப்பும் கருப்பும் எந்தப் பக்கம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். கனெக்டர் பொருந்துகிறது என்பதால் முனையும் பொருந்தும் என்று நினைக்காமல், செருகும் முன் மல்டிமீட்டரை வையுங்கள். பை செல் காலப்போக்கில் கொஞ்சம் உப்பும், அதற்கு இடம் விடுங்கள். அருகில் திருகு முனை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

புதிதாகச் செய்த எதையும் முதல் இரண்டு மூன்று தடவை நீங்கள் விழித்திருக்கும்போது, பீங்கான் தட்டின் மேலோ ஓடு பதித்த தரையிலோ வைத்து ஏற்றுங்கள். மெத்தை, காகிதம், திரைச்சீலை அருகில் வேண்டாம். செல் உப்பினாலோ, சீறல் கேட்டாலோ, இனிப்பான கரைப்பான் வாசனை வந்தாலோ உடனே மின்சாரத்தைத் துண்டியுங்கள். தூக்க முடிகிற நிலை என்றால் மட்டும் வெளியே கொண்டுபோங்கள். தீப்பிடித்துவிட்டால் அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள், அதில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும். லித்தியம் என்ற பெயரைக் கேட்டுத் தண்ணீர் ஊற்றப் பயப்படுகிறார்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்ட சின்ன பேட்டரிக்குத் தண்ணீர் நல்லதுதான். தாராளமாக ஊற்றினால் செல் குளிரும், பக்கத்துச் செல்லுக்குப் பரவுவது தடுக்கப்படும். கைமீறும் என்று தோன்றினால் ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

உங்கள் ஸ்பீக்கருக்கு இன்றைக்கே செய்ய வேண்டியது: இரண்டு செல்களின் வோல்ட்டையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று 4.25-ஐத் தாண்டியிருந்தால் ஸ்பீக்கரை ஓடவிட்டு 4 வோல்ட்டுக்கு இறக்குங்கள். பிறகு இரண்டையும் பிரித்து, மேலே சொன்ன இரண்டு வாரச் சோதனைக்கு வையுங்கள். தேறிய செல்களைப் புது சார்ஜரோடு இணைத்து, முதல் முறை ஏற்றும்போது கால் மணிக்கு ஒரு தடவை வோல்ட், மின்னோட்டம், கைக்குத் தெரியும் சூடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தொடராகவே வைத்திருந்தால் இரண்டு செல்களும் சேரும் நடுமுனையையும் அளந்து, கடைசியில் இரண்டு செல்களுக்கும் 0.05-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். எந்தச் செல் பின்தங்குகிறது என்று அதிலேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.